தண்ணீர் நிற்கும் வரை

பின்னறையைத் திறக்கக் கூடாது என்று முப்பது வருஷமாகச் சொல்லிவந்தார் கொத்தனார். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மகள் மட்டும் கேட்பாளா? கட்டடக் கம்பெனிக்கு வரைபடம் போடுகிறவள், வேலை செய்ய ஓர் அறை வேண்டும் என்று பட்டப்பகலில் பூட்டை உடைத்துவிட்டாள்.

உள்ளே பூசாத செங்கல் சுவர், மேலே தகரம். அவர் கால் வைத்ததும் அந்தக் குரல் வந்துவிட்டது.

"மச்சான், தண்ணி இன்னும் நிக்கல."

திரும்பிப் பார்த்தார். மகள்தான் இருந்தாள், வாயில் பென்சிலோடு.

மனைவியின் தம்பி செத்த அறை அது. கூரைக்குக் கான்கிரீட் கொட்டிய அன்று ஒரு மூலையில் முட்டு முறிந்து, அடியில் நின்றவன் போய்விட்டான். கூரைப் பலகையின் உயரத்தை அளக்கச் சுவரில் காவியால் போட்ட மட்டக்குறி அந்த மூலையில் தாழ்ந்திருந்தது. அதை நம்பிப் பலகையையும் தாழ அடித்ததால் கான்கிரீட் தடித்துப் பாரம் அங்கே இறங்கிவிட்டது. "மூணு மூலை நான் போட்டது. அந்த மூலை அவன் போட்டது," என்று அன்றே சொல்லிவிட்டார் கொத்தனார். செத்தவன் சாட்சிக்கு வருவானா? மனைவி அதை விழுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து இந்த வாசலை மிதித்ததில்லை.

"அப்பா, சுவத்துல பழைய காவிக்குறி இருக்கு. நாலு மூலைலயும்," என்றாள் மகள். டேப்பைப் பிடித்து அளந்து தாளில் எழுதினாள். "இந்த மூலைதான் பூஜ்யம். நீளம் x நானூறு, அகலம் y முந்நூறு, உயரம் z, எல்லாம் சென்டிமீட்டர். மூணு குறி உயரம் நூத்திருபது. அந்த மூலைல மட்டும் நூத்திப் பதினேழு."

"கணக்கு காயிதத்துல நல்லாத்தான் இருக்கும். சுவரு வேற."

"சுவரைத்தாம்பா எழுதறேன். எந்த மூணு புள்ளியும் ஒரு தளத்துல அடங்கிடும். நாலாவதுதான் காட்டிக் குடுக்கும். மூணையும் வச்சா z சமம் நூத்திருபது. நாலாவது அதுல உக்காரல."

அவர் அந்த நாலாவதைப் பார்க்காமல் நின்றார். "அது சரி, மத்த மூணுல ஒண்ணு தப்பா இருந்தா? அதையும் உன் கணக்கு ஒத்துக்குமே?"

மகள் சிரித்தாள். "பரவால்லையே, வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க." குனிந்து எழுதினாள். "பூஜ்ய மூலை, அதுக்கு ரெண்டு பக்கத்து மூலை, இந்த மூணை எடுத்தா z சமம் நூத்திருபது கழித்தல் y-ல நூத்துல ஒரு பங்கு. அதுவும் தளந்தான், சாஞ்ச தளம். அப்ப எதிர் மூலை வெளிய நிக்கும். எப்படிப் போட்டாலும் ஒருத்தன் வெளிய. யாருன்னு காயிதம் சொல்லாது. தரையே கோணலா இருந்தாக்கூட இப்படி வரும்."

அவருக்கு மூச்சு வந்தது.

"தண்ணி சொல்லும், ரெண்டு நுனிலயும் ஒரே மட்டத்துலதான் நிக்கும்," என்று மகள் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் ஊற்றினாள். "நீங்க அந்த மூலைல பிடிங்க."

ட்யூபின் நுனியைத் தாழ்ந்த குறியின் மேல் வைத்தார். எதிர்ச் சுவரில் மகள் தன் நுனியைக் குறிக்கு நேராகப் பிடித்தாள். ட்யூபுக்குள் தண்ணீர் ஏறி இறங்கி ஆடியது. அதே ஆட்டம். அன்று கான்கிரீட்காரர்கள் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அவர் அவசரத்தில் கோடு இழுத்தார். எதிர்ச் சுவரில் நின்றவன் சொன்னான்.

"மச்சான், தண்ணி இன்னும் நிக்கல."

"நிக்கட்டும்," என்றார் கொத்தனார், உரக்க.

"யார்கிட்ட பேசறீங்க?"

ட்யூபை அசைக்காமல் பிடித்தபடி நின்றார். தோள்பட்டை இற்றுவிடும்போல இருந்தது. தண்ணீர் மெல்ல மெல்ல அடங்கி நின்றது; குறிக்கு இரண்டு விரல்கடை மேலே.

அவரை அங்கேயே நிறுத்தி, மகள் தன் நுனியை மற்ற இரண்டு குறிக்கும் கொண்டுபோய்ப் பார்த்தாள்; அதே இரண்டு விரல்கடை. "மூணும் சரி. இதான் தப்பு," என்றாள் மகள். "இந்த மூணுலயும் காக்காக்கால் மாதிரி கிறுக்கியிருக்கு, இதுல ஒரு வட்டம். என்னப்பா அது?"

வாசலில் நிழல் விழுந்தது. மனைவி. முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் அவள் கால்.

"என் தம்பிக்கு எழுதத் தெரியாது," என்றாள். "கையெழுத்துக்குப் பதிலா காக்காக்கால்தான் போடுவான்."

மூன்று குறியையும் விரலால் தொட்டாள். நாலாவதற்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வட்டம் யாருது?"

அவர் கையிலிருந்த ட்யூபில் தண்ணீர் மறுபடி ஆடத் தொடங்கியது. குரல் வரும் என்று காத்தார். வரவில்லை, சொல்லவேண்டியது இனி அவர்தான்.

"என்னோடது," என்றார்.