ரமணி பார்த்த ஆழம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கல்யாணப் பந்தியில். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த லெட்சுமி டீச்சர் சொன்னார். வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குள் செல்லும்போது அதன்...

வேண்டாம். வகுப்பில் லெட்சுமியின் காலை வாரிவிட்டதே இந்த வாக்கியம்தான். ரமணியிடமிருந்து தொடங்குகிறேன்.

2

1984, ரவாங். தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டை. ஐந்தாம் ஆண்டு படிக்கும் ரமணி அங்கே சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போது எவர்சில்வர் மூடி நழுவி உள்ளே போய்விட்டது. தண்ணீர் தெளிவு. அடியில் மூடி பளபளத்தது. இடுப்பளவு இருக்கும் என்று இறங்கினாள், தலை மூழ்கிவிட்டது. அந்த வழியாக லோரியில் வந்த அய்யாவு குதித்து, சடையைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

(அய்யாவுக்கு ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். சட்டையைப் பிழிந்துகொண்டு லோரி ஏறிப் போன மனிதர். கதையிலும் நிற்கமாட்டேன் என்கிறார்.)

3

அதற்குப் பிறகு வகுப்பில் ரமணி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"குட்டைல பேய் இருக்கு டீச்சர்," என்றான் விஜயன். "மூடிய கிட்டக் காட்டி இழுத்துருச்சு. இப்ப இவமேல இருக்கு."

ரமணி மறுக்கவில்லை. லெட்சுமிக்கு அதுதான் தாங்கவில்லை.

"பேயும் இல்ல ஒன்னும் இல்ல லா. தண்ணியிலேருந்து வெளிய வர்றப்ப வெளிச்சம் வளையுது. அதான் ஆழம் கம்மியாத் தெரிஞ்சிச்சு."

"ஏன் டீச்சர் வளையணும்?" அன்று ரமணி வாய் திறந்தது அப்போதுதான்.

வளையும் என்பதோடு பாடப்புத்தகம் நிறுத்திக்கொண்டிருந்தது.

(இங்கே அவரை நூலகத்துக்கு அனுப்பி, விடையோடு வரவழைக்க ஆசைப்பட்டேன். ஆனால் அவர் சொன்னது வேறு: "எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியா வெளிய பாத்தேன், அவ்வளவுதான்.")

4

வெளியே மழை விட்டிருந்தது. திடல் முழுக்கச் சேறு. அதை ஒட்டிச் சிமெண்டுத் தளம். சேற்றில் ஊர்ந்து வந்த பிள்ளைகள் சிமெண்டில் கால் பட்டதும் ஓடினார்கள்.

லெட்சுமி வகுப்பையே வெளியே கூட்டிப் போனார்.

"எல்லாரும் கை கோத்து வரிசையா நில்லுங்க. நீங்கதான் வெளிச்சம். சேறுதான் தண்ணி, சிமெண்டுதான் காத்து. சாய்வா நடந்து ஏறணும். கைய விடக்கூடாது."

ரமணி ஒதுங்கி நின்றாள். வரிசை நகர்ந்தது. ஒரு முனை சிமெண்டில் ஏறி வேகம் பிடித்தது. மறு முனை இன்னும் சேற்றில். வரிசை தானாகவே திரும்பிற்று.

"வளைஞ்சிருச்சு டீச்சர்!"

"யாரு வளைச்சா?"

"யாருமே இல்ல! இந்தப் பக்கம் வேகமாப் போயிருச்சு, அந்தப் பக்கம் போகல!"

"வெளிச்சமும் அப்படித்தான். தண்ணியில மெதுவா, காத்துல வேகமா. சாய்ஞ்சு வந்தா திரும்பும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது. நேரா வந்துச்சுன்னு நம்பி, மூடி மேல இருக்கிறதாக் காட்டும்."

ரமணி யோசித்தாள். "அப்ப என்னை யாரும் இழுக்கல."

"இல்ல."

"நானும் நடக்கறேன் டீச்சர்."

சேற்றில் இறங்கி, கடைசியில் நின்ற விஜயனிடம் கை நீட்டினாள்.

5

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் விஜயன் உடனே பிடித்துக்கொள்கிறான். அவ்வளவு நல்ல பிள்ளையாக அவனை நம்ப முடியவில்லை. இரண்டாவதில் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தயங்குகிறான். மூன்றாவதில்...

அவன் என்ன செய்தான் என்று டீச்சரையே கேட்டேன்.

"கவனிக்கலங்க. திரும்ப நடக்கச் சொன்னேன். இந்த வாட்டி இன்னும் நல்லா வளைஞ்சிச்சு, கடைசிப் பிள்ளை வரைக்கும்."

நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. அந்த இரண்டு கைகளும் இனி உங்கள் பொறுப்பு.