பிரட் பஸ்ஸுக்கு ஒரு ஸ்டெப்னி

ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறவர் அவர். கட்டிங் மாஸ்டர் என்றால்தான் ஆளுக்கே அடையாளம் தெரியும். அறுபது மடிப்புத் துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டுகிற கை. அந்தத் தைரியத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையில் ஒரு பஸ் வரைந்து, நாலு பிரட் துண்டை அடுக்கி, அட்டையை மேலே வைத்துக் கத்தியால் ஓங்கி ஒரே அழுத்து. நாலும் சப்பையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மனைவி எட்டிப் பார்த்து, பிரட் என்ன கம்பெனித் துணியா, ஒவ்வொன்றாக வெட்டினால் கௌரவம் குறைந்துவிடுமா என்று கேட்டுவிட்டு பலூன் ஊதப் போனாள்.

மகளுக்கு அன்று ஏழு வயது முடிகிறது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். பேருக்கு ஒரு குறையும் வைக்காத பிள்ளை. அவள் சிநேகிதிகள் தங்கள் பிறந்தநாளுக்குப் பூனை, நிலா என்று எதையாவது பிடித்துக்கொண்டு, சாப்பாடெல்லாம் அந்த மாதிரியே வேண்டும் என்று அடம்பிடித்திருந்தார்கள். இவள் பஸ் என்றாள். பிரட்டில் பஸ், சீஸில் ஜன்னல், வெள்ளரிக்காய் வட்டம்தான் சக்கரம். தர்பூசணி, அன்னாசி, பச்சைத் திராட்சை மூன்றையும் குச்சியில் குத்தினால் சிக்னல். திராட்சை ஜூஸ் பாட்டிலில் 'டீசல்' என்று அவளே எழுதி ஒட்டியிருந்தாள். இத்தனையும் சரி. ஒவ்வொரு பஸ்ஸுக்குப் பின்னாலும் கூடுதலாக, மாற்று டயராக, ஒரு வெள்ளரிக்காய் வட்டத்தைப் பல்குச்சியால் குத்தி வைக்க வேண்டுமாம். ஸ்டெப்னி.

"போன வருஷம் மாதிரி நடுவழியில நின்னுடக் கூடாதுல்லப்பா," என்றாள்.

கட்டிங் மாஸ்டருக்குக் கத்தி ஓடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு அது ஒரு வருஷமாகக் குடைந்துகொண்டிருந்தது. ஏனென்றால் போன வருஷம் எந்த பஸ்ஸும் எந்த வழியிலும் நிற்கவில்லை.

அவருக்கு வேலை வெளியூரில், வாரமெல்லாம் தங்குவது அங்கே ஒரு அறையில். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வருவார், திங்கட்கிழமை காலையில் அதே பஸ்ஸில் போவார். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. போன பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை. மதியமே வேலை முடிந்துவிட்டது. நேரம்தான் இருக்கிறதே என்று அறையில் கேரம் ஆட உட்கார்ந்தார். இன்னும் ஒரு போர்டு, இன்னும் ஒரே ஒரு போர்டு. ஜெயித்துக்கொண்டிருக்கிற மனுஷன் எழுந்திருப்பானா? நிமிர்ந்து பார்த்தபோது பஸ் போய்விட்டிருந்தது. போனில் பிள்ளையின் குரலைக் கேட்டதும், வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, திரும்பி அறைக்கே போகிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் கேக்கை வெட்டவிடாமல் வைத்துக்கொண்டு, அதன் முன்னாலேயே தூங்கிப்போனாள் என்று மனைவி மறுநாள் போனில் சொன்னாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த பஸ்ஸை ஓட்டுகிற மீசைக்காரர் தினமும் காலையில் இவர்கள் தெருமுனை வழியாகத்தான் போவார். ஸ்கூல் வேனுக்கு நிற்கிற வாலு டாட்டா காட்டுவாள், அவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். ஒரு சனிக்கிழமை அவர் கண்ணாடி வழியாக மாஸ்டரைப் பார்த்து, பாப்பா இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளே, நான் என்ன பண்ணினேன் என்று கேட்டார். ஏன் என்று மாஸ்டருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வளர்கிற பிள்ளை, வெட்கம் என்று மழுப்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடுத்த வாரத்திலிருந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருவதை விட்டுவிட்டுக் கடைசி சீட்டுக்குப் போய் ஒளிந்துகொண்டார். வெட்கப்பட வேண்டிய ஆள் யார் என்று பாருங்கள்!

சாயங்காலம் நாலு மணிக்கு மேஜையில் பன்னிரண்டு பஸ் வரிசையாக நின்றன. சிநேகிதிகள் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக, வாலு வாசலுக்கு ஓடிப்போய் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தேய்த்த சட்டை, கையில் பொம்மை ஹாரன். மீசைக்காரர்! முந்தின நாள் காலையில் தெருமுனையில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி அவளே அழைத்தாளாம். மனைவிக்குத் தெரியும், இவருக்கு மட்டும் தெரியாது.

வாலு ஒரு தட்டை எடுத்து மீசைக்காரர் கையில் கொடுத்தாள். அதிலிருந்த பஸ்ஸுக்கு மட்டும் இரண்டு ஸ்டெப்னி. உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது, இனிமேல் டயர் போனால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். அவர் ஒன்றும் புரியாமல், எந்த வண்டி எங்கே நின்றது என்று கேட்டார். போன வருஷம் அப்பா வந்த வண்டி, என் பிறந்தநாளுக்கு வராமல் நின்றுபோன வண்டி என்று அவள் விளக்கினாள்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு பயணியைக்கூட நடுவழியில் இறக்கிவிட்டதில்லை என்று வாரம் தவறாமல் பெருமை பேசுகிற மனுஷன் அவர். மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அது போதாதா? எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆமா பாப்பா. நான்தான் மறந்துட்டேன். வண்டி மக்கர் பண்ணிடுச்சு. தப்பு என்னோடதுதான்," என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காரியம் முடிந்தது. பிள்ளைகள் டீசல் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தன் பொய்யை இன்னொருவர் தலையில் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மாஸ்டரால் முடியவில்லை. மகள் முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"இல்லடா. பஸ் நிக்கல. அப்பா கேரம் ஆடிட்டு பஸ்ஸை விட்டுட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

அழுவாள், கத்துவாள், தட்டைத் தூக்கிப் போடுவாள் என்று நினைத்தார். எதற்கும் தயாராகத்தான் இருந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மீசைக்காரர் பக்கம் திரும்பினாள். உதடு பிதுங்கியது.

"ஒரு வருஷமா நான் உங்களுக்கு டாட்டா காட்டல மாமா. ஸாரி."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மாஸ்டர், கேட்டது பிள்ளை. செய்யாத தப்புக்கு ஏழு வயதுப் பிள்ளையை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டோமே என்று கூனிக் குறுகிப் போனார். மனைவி கேக்கை நகர்த்தி வைத்து மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

திங்கட்கிழமை காலை அவர் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டார். மீசைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். தெருமுனையில் வாலு இரண்டு கையையும் தூக்கி டாட்டா காட்டினாள். ஹாரன் இரண்டு தடவை அடித்தது. மாஸ்டரும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவ பார்க்காத நாள்லயும் நான் ஹாரன் அடிச்சிட்டேதான் இருந்தேன் மாஸ்டர்," என்றார் மீசைக்காரர்.

பஸ் நகர்ந்தது. மாஸ்டர் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.