பாய்மரத்திடம் சொன்னது

விடிந்ததிலிருந்து காற்று முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தது. இரட்டை உடல் கொண்ட அந்தப் பெரிய பந்தயப் படகு, திருகோணமலையிலிருந்து காலித் துறைமுகத்துக்கு ஓடுகிற ஓட்டத்தில், கதிரவெளிக்கு நேரே அலைகளில் ஏறி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு உடலுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய வலையில் டினுஷா குந்தியிருந்தாள். பெரிய பாயின் கயிறு அவள் கையில். வலைக்குக் கீழே கடல் வெள்ளை வெள்ளையாய்க் கிழிந்து ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்தால், ஓடுவது கடலா தானா என்பது மறந்துபோகும்.

பின்னால் சுக்கான் பிடித்திருந்தவள் மேர்சி, அவளுடைய அக்கா. இருவருக்கும் ஒரு வருஷமாகக் கதைபேச்சு இல்லை. அம்மா செத்தபோது டினுஷா வேறொரு பந்தயத்தில் கடலில் இருந்தாள். மட்டக்களப்புக்கு ஓடிவந்து சேர்வதற்குள் பெட்டியை மூடி, மண்ணும் போட்டாயிற்று. "எனக்காகக் கொஞ்சம் பொறுக்க ஏலாமப் போச்சா?" என்று கேட்டாள். அக்கா எழும்பி உள்ளே போய்விட்டாள். அன்றோடு சரி.

இப்படி முறிந்தவர்கள் நம் பக்கத்தில் எப்படிக் கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் ஓர் ஆள் வேண்டும். இந்தப் படகில் அந்த ஆள் ரதீஸ், முன்பாயைப் பார்ப்பவன்.

"ரதீஸ், கயிறை ஒரு முழம் விடச் சொல்லு."

"ரதீஸ், விட்டாச்செண்டு சொல்லு."

"அக்காமாரே, உங்களுக்கு நடுவில கிள்ளுற தூரம்தான் கிடக்கு," என்றான் ரதீஸ். "நான் கடலுக்க விழுந்தா என்ன செய்வியள்?"

"பாய்மரத்திட்டச் சொல்லுவம்," என்றாள் டினுஷா.

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. அலைகள் பின்னாலிருந்து மதில்போல எழுந்து வந்தன. முன்பாயை இறக்க ரதீஸும் படகிலிருந்த மற்ற இருவரும் தவழ்ந்து முன்னுக்குப் போனார்கள். பயப்படாதீர்கள், ஒருவரும் விழவில்லை. ஆனால் நடுவில் ஆளில்லாமல் போனது.

கயிறு பிடித்தவள் தானாக விடக்கூடாது. அலையை முழுதாய்க் காண்பவள் சுக்கான்காரி. அவள் சொல்லும் கணத்தில் விட வேண்டும். முந்தினால் படகு குறுக்கே திரும்பும். பிந்தினால் இரண்டு மூக்கும் கடலில் குத்தித் தலைகீழாகும். முன்னால் நிற்கிற மூன்று பேரும்தான் முதலில் போவார்கள்.

ஒரு பெரிய அலை படகைத் தூக்கிச் சரித்தது. மூக்குகள் தாழ்ந்தன.

"பாய்மரம், விடச் சொல்லு," என்று மேர்சி கத்தினாள்.

டினுஷாவுக்குக் கேட்டது. கேட்டும் விரல்கள் திறக்கவில்லை. தனக்குச் சொன்னதல்ல அது என்று கைக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாய்க் கிடந்தது. பச்சைத் தண்ணீர் முன்வலையில் ஏறி, ரதீஸின் இடுப்பளவுக்கு வந்தது.

"டினு, விடுகா. என்ட கிளியெல்லா, விடு," என்று பின்னாலிருந்து அக்காவின் குரல்.

கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. பாய் படபடத்து இளகியது. மூக்குகள் இரண்டும் மெல்ல, நித்திரை முறிகிற பிள்ளைபோல, தண்ணீருக்குள்ளிருந்து எழும்பின. முன்னால் மூன்று தலைகள் தெரிந்தன. டினுஷா எண்ணிப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே, பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மாட முகம் எப்படி இருந்ததெண்டு கேளு."

மேர்சி சுக்கானை நேராக்கினாள்.

"ஒரு கண் மூட இல்ல," என்றாள் மேர்சி. "ரெண்டு தரம் தடவி மூடினன். திறந்துபோச்சு. வாசலைப் பாத்தபடி கிடந்தா. நீ வாறியோ எண்டு. என்னால அதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமப் போச்சு, டினு. அதான் பெட்டியை மூடச் சொன்னன்."

டினுஷா கயிற்றைக் கைக்குக் கை இழுத்து மடியில் சேர்த்தாள். மழை வந்து அவள் முகத்தைக் கழுவியது.

"இன்னும் ஒரு முழம் இழுக்கட்டா, அக்கா?"

"ஓம். மெதுவா."

கரைப்பக்கம், கறுத்த மேகத்தில் ஒரு சின்னக் கீறல். அதற்குள்ளிருந்து வெளிச்சம் கடல்மேல் விழுந்து கிடந்தது. காற்று மேகத்தை இழுத்து இழுத்து அதை மூடப் பார்த்தது. படகு ஏறி இறங்க, அக்காவும் தங்கையும் அதையே பார்த்துக்கொண்டு போனார்கள். அது திறந்தே இருந்தது.