மயிலாத்தாள் அரைத்த மிளகாய்

மயிலாத்தாளுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிய ஆரம்பித்தது சித்திரை மாதத்தில். வேறு யாருக்காவது வந்திருந்தால் வெயில் என்று சொல்லி இரண்டு இளநீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். மயிலாத்தாள் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "வந்துட்டியா ஆத்தா" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் கூப்பிட்டது ஆனைமலை மாசாணியம்மனை.

போன அமாவாசைக்குத்தான் அந்தக் கோயிலில் தன் கையாலேயே மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்திருந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு பொருள் களவு போனால் போலீசுக்குப் போகிறவர்களைவிட ஆனைமலைக்குப் போகிறவர்கள் அதிகம். அங்கே வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசி, "எடுத்தவங்களுக்கு எரியட்டும் தாயே" என்று வேண்டிக்கொண்டால், எடுத்தவர்களுக்கு எரியும் என்பது நம்பிக்கை. காணாமல் போனது மருமகள் புவனாவின் செயின். எடுத்தது மயிலாத்தாள்.

அவளைத் திருடி என்று சொன்னால் ஊரே சண்டைக்கு வரும். அறுபத்தெட்டு வயது வரைக்கும் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைக்கூடக் கேட்காமல் ஒடித்தவள் இல்லை. மகள் என்று வந்தபோதுதான் புத்தி பிசகிவிட்டது. சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்த பாவாத்தாள், தன் குழந்தைக்குத் தை மாதம் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் சீர் செய்ய வேண்டிய மகன் திருமலைசாமிக்கு, கோயமுத்தூர் கணபதியில் அவன் நடத்திய லேத் பட்டறையில் அந்த வருடம் ஆர்டர் குறைவு. தோடும் துணிமணியும் போதும் என்று சொல்லிவிட்டான். "வெறுங்கழுத்தோட புள்ளையச் சபையில உக்கார வெச்சா என்னைய யாரும்மா மதிப்பாங்க?" என்று பாவாத்தாள் வந்து அழுதாள். பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை.

புவனாவின் பீரோவில் ஒரு பழைய செயின் இருந்தது. அவளுடைய அம்மா சாகக் கிடந்தபோது கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது. புவனா அதைப் போடுவதே இல்லை. சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு நிமிடம் தோன்றியது, அந்த ஒரு நிமிடத்தில் காரியம் முடிந்துவிட்டது. "என்னோடதுதான், யாருகிட்டயும் மூச்சு விடாத" என்று மகளிடம் கொடுத்தாள். பாவாத்தாள் அதை அழித்துக் குழந்தைக்கு வளையலும் சங்கிலியும் செய்துகொண்டாள். சபை மெச்சியது.

பங்குனியில் புவனாவின் அம்மாவுக்குத் திதி வந்தது. அன்றைக்கு ஒருநாள் போட்டுக்கொள்ளலாம் என்று புவனா பீரோவைத் திறந்தாள். பிறகு வீடே தலைகீழானது. புவனா வாய்விட்டு அழுகிற பெண் இல்லை. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். மயிலாத்தாளும் எல்லோருடனும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் தேடினாள். வெட்கம்கெட்ட தேடல். தேடும்போதே அவளுக்குத் தன்மேல் குமட்டிக்கொண்டு வந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து, தண்ணீர் கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் புவனா, "ஏனுங்கத்தை, அமாவாசைக்கு ஆனைமலைக்குப் போயிட்டு வரலாமுங்களா?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல மயிலாத்தாளுக்கு என்ன காரணம் இருக்கிறது? போனார்கள். கோயிலில் நல்ல கூட்டம். வரிசையாகப் பெண்கள் அரைத்துக்கொண்டிருந்தார்கள். காரம் ஏறி எல்லோர் கண்ணிலும் தண்ணீர். முறை வந்தபோது புவனா மிளகாயை மாமியாரின் கையில் கொடுத்தாள்.

"எனக்கு மணிக்கட்டு நோகுதுங்கத்தை. நீங்க அரைச்சுக் குடுங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடமே அதுதான். மயிலாத்தாள் உட்கார்ந்து அரைத்தாள். கை பழக்கத்துக்குக் குழம்புக்கு அரைப்பது போல மைய அரைத்தது. கல்லில் பூசியதும் அவளேதான். பக்கத்தில் நின்ற புவனா வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உள்ளங்கை காந்தியது. கழுவிக்கொள்ளக்கூட மயிலாத்தாளுக்கு மனசு வரவில்லை.

அதனால்தான் சித்திரையில் எரிந்தபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. இது மருந்துக்குக் கேட்கிற எரிச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். போனால் எரிகிறது என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். குறைக்கக் குறைக்க எரிச்சல் கூடியது. போய் வந்து உட்கார்ந்தால் மறுபடி போக வேண்டும் போலிருக்கும். போனால் நாலு சொட்டு, அதற்கு ஓடுகிற அவசரத்தில் பாதி வழியிலேயே சேலை நனைந்தது. நனைந்த சேலையைத் தானே அலசி, வீட்டுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் காயப்போட்டாள். பக்கத்து வீட்டு பங்காரம்மா மட்டும் எப்படியோ கண்டுபிடித்து, "நீர்க்கடுப்புதானுங்க, கால் பெருவெரல்ல சுண்ணாம்பு தடவுங்க" என்றாள். தடவினாள். சுண்ணாம்பு காய்ந்து உதிர்ந்தது, எரிச்சல் அப்படியே இருந்தது.

விரலில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்துத்தான் புவனா கேட்டாள்.

"ஏனுங்கத்தை, எரியுதுங்களா?"

மயிலாத்தாள் தலையை ஆட்டினாள். புவனாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கண்டுபிடித்துவிட்டாள் என்று மயிலாத்தாள் நினைத்தாள். புவனாவோ அடுப்பை அணைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து, லேடி டாக்டர் சாஜிதா பேகத்திடம் மாமியாரை அப்போதே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரி, அவசரப்படாமல் பேசுகிறவள். யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நீர்ப்பையில கிருமி இருக்குதுங்கம்மா. வயசான பொம்பளைங்களுக்கு இது நிறைய வாரதுதான், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க. தண்ணி நல்லாக் குடிங்க. வந்தா அடக்காதீங்க. மாத்திரை எழுதியிருக்கேன், எரிச்சல் நின்னாலும் பாதியில நிறுத்தக் கூடாதுங்க."

மயிலாத்தாள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். கிருமி என்று டாக்டர் சொன்னது அவள் காதுக்குப் போனது, மனசுக்குப் போகவில்லை.

மாத்திரை பொல்லாத மாத்திரை. முழுங்கிய கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டும். வாயெல்லாம் இரும்பை நக்கியது போல ஒரு கசப்பு. சோறு கண்டாலே ஓங்கரிப்பு, எழுந்தால் தலை சுற்றல், படுத்தால் தூக்கம் கிடையாது. அவள் ஓங்கரிப்பதைப் பார்த்துப் புவனா பதறினாள். வெறும் வயிற்றுக்கு ஆகவில்லை போல என்று, மாத்திரையோடு ஒவ்வொரு வேளையும் டம்ளர் நிறையப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். பனங்கற்கண்டு போட்டு, ஆற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்கவைத்தாள். காலைப் பிடித்துவிட்டாள். நனைந்த சேலைகளை முகம் சுளிக்காமல் துவைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படித் தாங்கியதில்லை. மயிலாத்தாளுக்கோ அந்தப் பால் ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் நின்றது. திட்டினால்கூடத் தேவலை. எவளுடைய செத்துப்போன தாயின் நகையை எடுத்தோமோ அவள் கையாலேயே பால் வாங்கிக் குடிப்பதைவிடக் கேவலம் உண்டா?

இத்தனைக்கும் எரிச்சல் குறையவில்லை. மயிலாத்தாள் தன் கணக்கில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆத்தா கொடுப்பதை மாத்திரை தடுக்கப் பார்க்கிறது. அதனால் ஆத்தா வாந்தியாகவும் தலைசுற்றலாகவும் வேறு வழியில் வருகிறாள். தண்டனையை ஏமாற்ற நினைத்தால் இரண்டு பங்காகத்தான் வரும். அன்றிலிருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, புவனா அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியாகச் செம்பருத்திச் செடிக்குத் துப்பினாள். வாந்தி நின்றது. அவளுக்கு அதுவே சாட்சியாகப் போயிற்று.

பிறகு ஒரு மத்தியானம் குளிர் எடுத்தது. சித்திரை வெயிலில் இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடுகிற மாதிரி நடுங்கினாள். இடுப்புக்கு மேலே முதுகில் பிடுங்குகிற வலி. காய்ச்சல் ஏற ஏறப் பேச்சு குழறியது. புவனாவைப் பார்த்துப் பாவா என்றாள், கையைக் கழுவிவிடச் சொன்னாள், மிளகாய் போகவில்லை என்று அழுதாள். திருமலைசாமி பட்டறையிலிருந்து ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் சாஜிதா பேகம் தன் சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினாள்.

"கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிடுச்சுங்க. இந்த வயசுல ரத்தத்துல கலந்துச்சுன்னா ஆளையே கொண்டுபோயிரும். மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?"

"ஒரு வேளை கூட விடலீங்க டாக்டர். வயிறு புரட்டுச்சு, அதனால பால்லதான் குடுத்தேனுங்க."

"பால்லயா?" டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டாள். "இந்த மாத்திரைய பால் கூடக் குடுத்தா உடம்புல சேராதுங்க. நான் சொல்லியிருக்கோணும், என் தப்புதான். வயித்துக்கு வேணும்னா சோறு சாப்பிட்டுத் தண்ணியில குடுக்கலாமுங்க. இனி மருந்து ஊசியிலதான். பொறுத்துத்தான் பாக்கோணும்."

புவனா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். ஒரு டம்ளர் பாலுக்கு இவ்வளவு அழுவானேன் என்று நர்சு பாவப்பட்டாள்.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கி, மயிலாத்தாளுக்குத் தெளிவு வந்தபோது பக்கத்தில் புவனா மட்டும் இருந்தாள். கண்கள் வீங்கிக் கிடந்தன. சாகாமல் பிழைத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் மயிலாத்தாளுக்குப் பயம்தான் வந்தது. இப்போதும் சொல்லாமல் போனால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை.

"புவனா. செயினை எடுத்தது நான்தான் கண்ணு."

புவனா நிமிரவில்லை. "தெரியுமுங்கத்தை."

"தெரியுமா? எப்ப?"

"ஆனைமலைக்குப் போறதுக்கு முன்னாலயே. பாவாத்தா போன்ல பேசறப்ப, அம்மா குடுத்த செயினை அழிச்சுத்தான் வளையல் செஞ்சோம்னு வாய் தவறிச் சொல்லிருச்சுங்க. உங்களுக்கு ஏது செயினு?"

"அப்பறம் எதுக்கு என்னைய அங்க கூட்டிட்டுப் போன?"

"மிளகாயைக் கையில குடுத்தா அங்கயே சொல்லிப்போடுவீங்கன்னு நெனச்சனுங்க. அத்தையாச்சே, நேரடியாக் கேக்க வாய் வரலீங்க. ஆனா நீங்க அரைச்சீங்க. உக்காந்து மைய அரைச்சீங்க. அதைப் பாத்ததும் எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்துச்சோ. எங்கம்மா போட்டிருந்த செயினுங்கத்தை. உங்க மூஞ்சியப் பாத்துட்டேதான் எரியட்டும்னு வேண்டிக்கிட்டேன். அப்பறம் நெசமாவே எரியுதுன்னீங்க. எனக்கு உசுரே இல்லீங்க. எப்படியாச்சும் காப்பாத்தோணும்னுதான் பால் பாலா ஊத்தினேன். அதும் உங்களைக் கொல்லப் பாத்துருச்சு."

மயிலாத்தாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என்னைக் கொண்டே எனக்கு அரைக்கவைத்தாளே! அடுத்த மூச்சிலேயே, கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை என்று அது அடங்கிப்போனது.

"டாக்டரம்மா கிருமின்னுதானே சொல்றாங்க" என்றாள் கடைசியில். "நானும் மாத்திரையத் துப்பிப்போட்டேன். பால் மேல பழி போடாத."

"கிருமிதானுங்கத்தை."

இரண்டு பேருமே அதை முழுசாக நம்பவில்லை.

அந்த நேரத்தில் திருமலைசாமி பழச்சாறு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். "எதுக்கு ரெண்டு பேரும் அழுதுட்டு இருக்கறீங்க?"

புவனா சட்டென்று முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணுமில்லீங்க. வாயெல்லாம் கசக்குதாமுங்க அத்தைக்கு."

மயிலாத்தாள் மருமகளைப் பார்த்தாள். இவள் இதை ஆயுசுக்கும் மூடிவைத்துக் காப்பாற்றிவிடுவாள் என்று புரிந்தது. அந்தக் காப்பாற்றலைத் தாங்கிக்கொண்டு இனியும் அந்த வீட்டில் சோறு தின்ன முடியாது.

"சாமி, இங்க வா. உன் பொண்டாட்டி செயினை எடுத்துப் பாவாவுக்குக் குடுத்தது நான்தான்."

காய்ச்சலில் உளறுவதாகத்தான் அவன் முதலில் நினைத்தான். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவன் பழச்சாற்றைக் கீழே வைத்தான்.

"எடுத்துப்போட்டு, இவ கூட ஆனைமலைக்கும் போனியா? இவ அங்க நின்னு அழறதைப் பாத்துட்டு வந்தியா?"

"ஆமா."

"இவ உன் மூத்திரத் துணியத் துவைச்சாம்மா. அப்பக்கூட உனக்கு வாய் வரலியா?"

"வரலடா."

அவன் வாசலைப் பார்க்க நடந்தான். புவனா எழுந்தாள். "ஏனுங்க, நில்லுங்க, நானும்..."

ஊசி குத்தியிருந்த கையாலேயே மயிலாத்தாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு அம்மணி. அவன் ஒருத்தி மேல கோவப்பட்டாப் போதும்."

புவனா உட்கார்ந்தாள். வெளியே அவன் ஸ்கூட்டர் கிளம்பியது.

மயிலாத்தாள் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் மறுபடி எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒன்று விடாமல் தண்ணீரில் முழுங்கினாள். எரிச்சல் நின்றது. திருமலைசாமி மட்டும் அவளிடம் பேசவில்லை. அவள் சாப்பிடுகிற இடத்தில் உட்காரமாட்டான். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு மயிலாத்தாள் எழுந்துபோவதைப் புவனா தினமும் பார்த்தாள். தெரிந்தே மிளகாய் அரைக்கவைத்ததை நாளைக்கு அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். ஆடியில் அவனாகவே அம்மாவிடம் பேச ஆரம்பித்தான். இனிமேல் எதற்கு என்று புவனா விட்டுவிட்டாள்.