பூனையைத் திருத்திய தாத்தா

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இலக்கியப் பொறாமை என்றால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். இது மடிப் பொறாமை. என் பேத்தி என் மடியிலிருந்து இறங்கி, கையில் புத்தகத்தோடு, சம்பந்தியின் மடிக்குப் போய்விட்டாள். அவளுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. வீட்டில் அவள் பெயர் பொடிசு.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "மாலை வெயில் மெல்ல அறைக்குள் நுழைந்து, குழந்தையின் கூந்தலில்..." (விட்டுவிட்டேன். அவளுக்கு இருப்பதே நாலு முடி.)

2

புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகம். ஒரு மூலையைப் பொடிசு ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தாள். (என் நாவல்களைக் கரையான் தவிர வேறு யாரும் இவ்வளவு ஆர்வமாக அணுகியதில்லை.) கதை இதுதான்: பூனை எங்கே? கட்டிலுக்கு அடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. கூடைக்குள் இருக்கிறது. முற்றும்.

காலமெல்லாம் எழுதியே கெட்டவன் நான். இதை அப்படியே வாசிக்க எனக்கு மனம் வருமா? பூனை ஏன் ஒளிந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் நாள், "உலகத்தின் இரைச்சலில் களைத்துப்போன பூனை எங்கே?" என்று ஆரம்பித்தேன். பொடிசு நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள். மறுநாள் பூனைக்கு ஒரு சோகமான இளமைக்காலம் கொடுத்தேன். அதற்கும் மறுநாள், துணிந்து, பூனை கூடைக்குள்ளும் இல்லை என்று முடித்தேன்.

ஆனால் படத்தில் இருந்தது. பொடிசு அதன் மூக்கிலேயே விரலை வைத்து, "தோ! தோ!" என்றாள்.

"அது பூனை இல்லடா கண்ணு, பூனையோட நினைவு" என்றேன்.

என் விரல் உள்ளே இருக்கும்போதே புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். அப்போதுதான் இறங்கிப் போனது.

3

சம்பந்தி என்றால் என் மருமகளின் அப்பா. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அவர் அட்டையிலிருந்து தொடங்கினார். தலைப்பு, பதிப்பகத்தின் முகவரி, தொலைபேசி எண், அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே. பிறகுதான் பூனை. கடைசியில், பின்னட்டையில் இருந்த "தண்ணீரில் நனைக்கக் கூடாது". குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பொடிசு ஈ நுழைவது தெரியாமல் வாயைப் பிளந்து கேட்டாள். முடிந்ததும், "இன்னும்" என்றாள். அவர் மறுபடி முகவரியிலிருந்து ஆரம்பித்தார்.

"முகவரி எல்லாம் குழந்தைக்கு எதுக்கு சம்பந்தி?" என்றேன்.

"ஒரு வரி விடக்கூடாதுங்க. நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தா?"

"பூனைக்கு என்னங்க வில்லங்கம்?"

"கூடை யார் பேர்ல இருக்கோ, யாருக்குத் தெரியும்?"

சில நாளில் பொடிசு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பூனையைத் தடவி, "பதிப்பா... க்கே!" என்று வாசித்தாள். குழந்தை படிக்கிறது என்று சொந்தபந்தம் முழுக்க வீடியோ போனது. வீடியோவின் ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது.

4

(சம்பந்தியை இன்னும் கொஞ்சம் கோமாளியாக்கலாமா என்று பார்த்தேன். குறட்டை விடுகிறார் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். குறட்டை விடுவது நான்.)

முடிவு ஒன்று: சம்பந்திக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. (ஆசைதான்.)

முடிவு இரண்டு: பொடிசு வளர்ந்து, என் நாவலைப் படித்துக் கண்கலங்கி, தாத்தாவின் அருமையை...

இதைப் படித்துவிட்டு மருமகள் சிரித்தாள். "மாமா, அவ உங்க நாவலைப் படிக்கிறது அப்புறம் இருக்கட்டும். நேத்து இருந்த இடத்துலயே பூனை இன்னிக்கும் இருக்கான்னு பாக்கத்தான் அவ புத்தகத்தையே தொறக்கறா. நீங்க தினம் ஒரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடறீங்க."

சுருக்கென்றது. இத்தனை நாள் விமர்சகர்கள் சொன்னதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவன் நான். இது போகவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: மடி காலியாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை. எந்த வாசகர் விட்டுப் போனபோதும் எனக்கு இப்படி இருந்ததில்லை.

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பொடிசு என் அறை வாசலில் வந்து நிற்கிறாள். கையில் புத்தகம். சம்பந்தி குளிக்கப் போயிருக்கிறார். கூடத்தில் அவருடைய நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், யோசிக்கிறாள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. வருகிறாள். என் முட்டியில் புத்தகத்தால் ஓர் அடி வைக்கிறாள்.

அவளைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். பேனாவைக் கீழே வைத்தாக வேண்டும். முகவரியிலிருந்தே தொடங்கப் போகிறேன். பூனை கூடைக்குள் இருக்கிறது என்று வாசித்துவிட்டு, அதோடு வாயை மூடிக்கொண்டேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள், கடைசி வரியில் அவள் "இன்னும்" என்று...