டீக்கு ஒண்ணு

எங்க ஊட்டுக்காரருக்கு சுகர் கீதுன்னு தெரிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. அந்த மனுசன் வாய்க்குள்ள மாத்திரையைத் தள்ள நான் திட்டாத திட்டு இல்ல. கத்திப் பாத்தேன், அழுது பாத்தேன், ரெண்டு நாள் சோறாக்காம படுத்துப் பாத்தேன். எல்லாத்துக்கும் 'ம்'முனு தலையை ஆட்டுவாரு, தண்ணி டம்ளரை வாங்கிக்குவாரு, நான் அந்தாண்ட திரும்புனதும் மாத்திரை ஜன்னல் வழியா பக்கத்து காலி மனைக்குப் பறந்துடும். மழை பேஞ்சா அங்க மாத்திரைச் செடி மொளைக்கும்னு எம் பொண்ணு மதிவதனி கிண்டல் பண்ணுவா.

இதுல கூத்து இன்னான்னா, என் வேலையே அதான். பருத்திப்பட்டுல ஊடு ஊடா போய் பிரஷர், சுகர் பாத்து, மாத்திரையைக் கைல குடுத்துட்டு வரணும். வேம்புலியம்மான்னா ஏரிக்கரைப் பக்கம் அல்லாருக்கும் தெரியும். தெருமுனைல என் தலை தெரிஞ்சாலே ‘எடுடி மாத்திரையை, வந்துட்டா’ன்னு ஓடுவாங்க. அந்தளவுக்கு வாய் எனக்கு. ஊருக்கு உபதேசம் பண்றவ ஊட்ல இப்படின்னு எனக்குள்ளயே வெக்கம் புடுங்கும்.

போன வாரம் எங்களுக்கு ஒரு பயிற்சி வச்சாங்க. ஸ்ரீநாத்துனு ஒரு தம்பி, சோடாபுட்டிக் கண்ணாடி, ரொம்ப மரியாதை. மனுசனுக்குப் பழக்கம் எப்படி ஒட்டுது, எப்படி மாறுதுன்னு படிச்சிருக்காராம். ஒடம்புக்கு வர்ற பாதி நோயை அந்தப் படிப்பை வச்சே தடுக்கலாம்னாரு.

"அக்கா, திட்டுனா யாரும் மாத்திரை போட மாட்டாங்க. போட்டேன்னு பொய்தான் சொல்லுவாங்க. அவங்க தெனம் தவறாம செய்யற வேலை ஒண்ணு இருக்கும்ல, அதோட மாத்திரையை முடிச்சுப் போட்டு விடுங்க. சின்னதா, மனசுல ஒட்டுற மாதிரி ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. செஞ்சாங்கன்னா பாராட்டுங்க. போலீஸ் மாதிரி செக் பண்ணாதீங்க" அப்படின்னாரு.

திட்டாம வேலை செய்யறதா? எனக்குக் குபீர்னு சிரிப்பு வந்துச்சு. ஆனா ஊட்டுக்கு வந்து யோசிச்சா, அந்தத் தம்பி சொன்னதுல தப்பு ஒண்ணும் தெரியல. நம்ம ஜனம் குளிக்க மறக்கும், சாப்பாட்டை மறக்கும், கட்டுன பொண்டாட்டி பொறந்த நாளை மறக்கும். டீயை மறக்குமா? சான்ஸே இல்ல. உக்காந்து அட்டையைக் கத்தரிச்சு, சிவப்பு ஸ்கெட்ச்ல பெருசா எழுதுனேன். ‘டீக்கு ஒண்ணு’. அவ்ளோதான். மாத்திரைப் பட்டைமேல அட்டையை வச்சு ரப்பர் பேண்டு போட்டேன்.

காலைல முத டீயோட ஒரு மாத்திரை, அப்பால அரை மணில இட்லியோ கஞ்சியோ. இதான் என் மனசுல இருந்த அர்த்தம். ஸ்ரீநாத் தம்பிக்கு போட்டோ அனுப்புனேன். "அக்கா, சூப்பர்! எங்களுக்குக்கூட இது தோணல. எல்லா வார்டுக்கும் இதையே அச்சடிச்சிடலாம்"னு பதில் வந்துச்சு. அன்னிக்கு நான் தரைல நடக்கல. சனி, ஞாயிறு ரெண்டே நாள்ல என் பேஷண்டுங்க இருபத்தாறு பேருக்கும் அட்டை குடுத்து முடிச்சேன்.

இருபத்தேழாவது அட்டை எங்க ஊட்டுக்காரருக்கு. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேத் பட்டறைல அவருக்கு வேலை. விடிகாலைலயே கெளம்பிடுவாரு, முத டீயே பட்டறை வாசல் கடைலதான். திங்கக்கெழம காலைல சட்டைப் பைல பத்து மாத்திரைப் பட்டையை அட்டையோட சொருவுனேன். ஒரு வார்த்தை திட்டல. "படிச்சுக்கய்யா"ன்னு மட்டும் சொன்னேன். மனுசன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாரு.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "போட்டியா?"

"போட்டேன். அட்டைல இருக்கற மாதிரியே போட்டேன்."

மூஞ்சைப் பாத்தாலே தெரிஞ்சுச்சு, பொய் இல்ல. பட்டையை எடு பாக்கலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. செக் பண்ணக் கூடாதுன்னு சொன்னாரேன்னு முழுங்கிகினேன். "சபாஷ்யா, என் ராசா"ன்னு கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சேன். அன்னிக்கு ராத்திரி அவருக்குப் பசியான பசி, ஒம்பது தோசை. வேர்த்து ஊத்திகினே சாப்பிட்டாரு. மாத்திரை வேலை செய்யுதுன்னு நான் பாவி சந்தோசப்பட்டேன்.

மறுநா செவ்வாக்கெழம மூணு மணி இருக்கும். ஒரு ஊட்ல ஒரு அம்மாவுக்கு பிரஷர் பாத்துகினு கீறேன், போன் அடிக்குது. அவரோட வேலை செய்யற அஜ்மல். "அக்கா, பதறாத. அண்ணாத்தே மிஷினாண்ட மயங்கி வுழுந்துட்டாரு. எஸ்டேட் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டோம். சீக்கிரம் வா."

பதறாதன்னு சொன்னா பதறாம இருக்குமா? பிரஷர் மிஷினை அந்தம்மா கைலயே கட்டி வுட்டுட்டு ஓடியாந்தேன். ஆட்டோல ஏறுனது ஞாபகம் கீது, எறங்குனது ஞாபகம் இல்ல.

அவரைக் கட்டில்ல படுக்க வச்சிருந்தாங்க. வாய் ஒரு பக்கம் கோணிகினு கீது, சட்டை பூரா வேர்வை, கூப்புட்டா முழிக்கல. டாக்டர் ராதிகானு ஒரு அம்மா, சின்ன வயசுதான். "சுகர் முப்பத்தி நாலுக்கு எறங்கிடுச்சு. குளுக்கோஸ் ஏத்திகினு இருக்கோம். இன்னா மாத்திரை போடறாரு?"

பேரைச் சொன்னேன். அதெல்லாம் எனக்கு அத்துப்படி.

"எத்தனை?"

"ஒண்ணுதாம்மா. நேத்துலருந்துதான் போடறாரு. காலைல டீக்கு ஒண்ணு."

பின்னால நின்னுகினு இருந்த அஜ்மல் தொண்டையைச் செருமுனான். "காலைல மட்டுமா? இன்னாக்கா நீ? ஒவ்வொரு டீக்கும்தானே போட்டாரு."

நான் திரும்பிப் பாத்தேன். அவன் கைல எங்க ஊட்டுக்காரரோட சட்டைப் பைலருந்து எடுத்த பட்டை கீது. பத்து குழில ஒம்பது காலி. மேல என் கையெழுத்து, செவப்பு ஸ்கெட்சு.

"நேத்து அஞ்சு டீ, அஞ்சு மாத்திரை. இன்னிக்கு நாலு டீ. நாங்ககூட ஓட்டுனோம். ‘டேய், எம் பொண்டாட்டி எழுதிக் குடுத்திருக்கா, அவளுக்குத் தெரியாதா’ன்னாரு. வேளைக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணுன்னா இன்னாக்கா அர்த்தம்? அந்த மாதிரிதானே டீக்கு ஒண்ணு?"

அய்யோ. அய்யய்யோ. அந்த ரெண்டு வார்த்தையை முறைச்சுப் பாத்தேன். இப்போ வேற மாதிரி படிக்கவே முடியல. வேளைக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு, டீக்கு ஒண்ணு. மூணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியற தமிழ், எனக்கு எங்க போச்சு? பிள்ளையார் புடிக்கப் போய் குரங்கு ஆனாகூட பரவால்ல, நான் எமனை இல்ல புடிச்சு சட்டைப் பைல சொருவி அனுப்பியிருக்கேன்!

டாக்டரம்மா பட்டையை வாங்கி காலிக் குழியை எண்ணிப் பாத்தாங்க. அப்பால மெதுவா சொன்னாங்க. "இந்த மாத்திரை ஒடம்புல ரொம்ப நேரம் நிக்கும். குளுக்கோஸ் ஏத்துனா ஏறும், திரும்ப எறங்கும். நாளைக்கு வரைக்கும் விட்டுப் பாக்கணும். கடை டீல சக்கரை போட்டுக் குடிச்சாரு பாருங்க, அதாலதான் இவ்ளோ நேரமாச்சும் தாங்கிச்சு."

எந்தச் சக்கரைக்காக மூணு வருஷமா அந்த டீக்கடைக்காரனை நான் சாபம் வுட்டேனோ, அந்தச் சக்கரை அவரைக் காப்பாத்தியிருக்கு. அதைக் கேட்டு அழறதா சிரிக்கிறதான்னு தெரியாம நின்னேன். அப்பதான் மண்டைல இடி மாதிரி வுழுந்துச்சு. இருபத்தாறு பேரு! இன்னும் இருபத்தாறு ஊட்ல இதே அட்டை கீது!

ஐசியூ வாசல்ல தரைலயே உக்காந்தேன். முத போன் ஸ்ரீநாத்துக்கு. "தம்பி, அச்சடிச்சிட்டியா?"

"நாளைக்குக் காலைல பிரஸ்ஸுக்குப் போகுதுக்கா. அஞ்சாயிரம்."

"நிறுத்து! ஒரு எழுத்துகூட அடிக்காத!" நான் கத்துன கத்துல நர்ஸ் வந்து வாயைப் பொத்தச் சொல்லிட்டுப் போனாங்க. விஷயத்தைச் சொன்னேன். அப்பால அந்தத் தம்பி குரல் நடுங்குது. "அக்கா, நானும் படிச்சேனேக்கா. நானும் சரின்னேனே."

அப்பால வரிசையா அடிச்சேன். ஊட்ல இருக்கற பொம்பளைங்க முக்கால்வாசி பேரு ஒண்ணுதான் போட்டாங்க. அட்டை குடுக்கறப்ப அவங்ககிட்ட வாயால வெவரம் சொன்னது காப்பாத்துச்சு. ‘டீக்கு டீ மாத்திரை போட நாங்க இன்னா லூசா?’ன்னு ஒருத்தி சிரிச்சா. நான் சிரிக்கல. பதினெட்டாவது போன் ராஜம்மா. "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட்டேன் வேம்பு. ரெண்டு டீதானே குடிக்கிறேன். ரெண்டு நாளா தலை கிறுகிறுன்னுது, வெயில்னு நெனச்சேன்." உடனே ரெண்டு ஸ்பூன் சக்கரையை வாய்ல போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போன்னு அவ மருமவகிட்ட கெஞ்சுனேன். நான் கெஞ்சி அந்தத் தெரு கேட்டதே இல்ல.

உள்ள இருந்து நர்ஸ் எட்டிப் பாத்து, நூத்தி இருபதுன்னாங்க. சாமின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு மணி நேரத்துல திரும்ப அறுபது. இன்னொரு பாட்டில் ஏறுச்சு. நான் அடுத்த நம்பரை அடிச்சேன்.

ஆறு மணிக்கு எல்லாரும் கெடைச்சுட்டாங்க, ஒருத்தரைத் தவிர. ஜாபர் அலி. கரையான்சாவடில மெத்தை தைக்கிற கடை, தனியா வேலை செய்யற மனுசன். மணி அடிக்குது, அடிக்குது, எடுக்கவே மாட்டேங்கறாரு. ஏழு தபா அடிச்சேன். பஞ்சு மூட்டைக்கு நடுவுல வாய் கோணிகினு கெடக்கற மாதிரியே எனக்குத் தெரியுது.

"நீ போக்கா. அண்ணாத்தே பக்கத்துல நான் கீறேன்"னான் அஜ்மல். அதுக்குள்ள மதிவதனியும் வந்துட்டா. புருசன் உசுரு ஏறி எறங்கிகினு இருக்கறப்ப வேற ஆளைத் தேடிப் போனவ நானாத்தான் இருப்பேன். ஆட்டோக்காரர் திருவேற்காடு வழியா வுட்டாரு. ஒவ்வொரு சிக்னலும் ஒரு யுகம்.

கடை ஷட்டர் பாதி எறங்கி கீது. குனிஞ்சு பாத்தேன். ஜாபர் அலி பாய் சம்மணம் போட்டு உக்காந்து ஊசி கோத்துகினு கீறாரு!

"பாய்! எத்தினி மாத்திரை போட்டீங்க?"

"இன்னாமா இப்படி மூச்சு வாங்குது? ஒண்ணுகூட போடலியே." பட்டையை எடுத்துக் காட்டுனாரு. பத்தும் அப்படியே கீது. "நான் டீ குடிக்கிறதில்ல. காபிதான். காபிக்கு எத்தினின்னு நீ எழுதலியே? அடுத்த தபா வந்தா கேட்டுக்கலாம்னு வச்சிருந்தேன். போனா? பஞ்சு மூட்டைக்குள்ள எங்கயோ கெடக்கும்மா, காதுல வுழல."

அப்படியே பஞ்சு மூட்டை மேல உக்காந்துட்டேன். ஒரே அட்டை. ஒரு ஆளுக்கு ஒம்பது, ஒரு ஆளுக்கு ரெண்டு ரெண்டு, ஒரு ஆளுக்கு முட்டை. ரெண்டே ரெண்டு வார்த்தைல இத்தினி பேரு ஒடம்போட வெளையாடியிருக்கேன். பாய் தண்ணி குடுத்துகினே இருந்தாரு.

புதன்கெழம காலைல நூத்தி நாப்பதுல நின்னுச்சு, அப்பால எறங்கல. டாக்டரம்மா உள்ள போகச் சொன்னாங்க. மனுசன் முழிச்சுகினு கீறாரு. ஒரு ராத்திரில பத்து வயசு ஏறுன மூஞ்சி. ராத்திரி பூரா அவர் பொழைச்சா போதும்னு அம்மனை வேண்டுனவ நான். ஆனா அந்தக் கண்ணைப் பாத்ததும் பழைய வாய் தானா வந்துடுச்சு.

"யோவ், மூளை கீதா உனுக்கு? ஒரு நாளைக்கு அஞ்சு மாத்திரை யாராச்சும் போடுவாங்களா? ரவ யோசிக்க மாட்ட?"

அவர் சீலிங்கைப் பாத்துகினு சொன்னாரு. "மூணு வருஷமா யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சு ஒண்ணுகூட போடல. நீ திட்டாம ஒரு வேலை சொன்னது இதான் முத தபா. அதுலயாச்சும் யோசிக்காம செய்வோம்னு செஞ்சேன்."

எனக்குச் சுருக்குன்னுது. அவர் நிறுத்தல.

"நேத்து மூணாவது டீக்கே கை நடுங்கிச்சு வேம்பு. கண்ணு இருட்டிகினு வந்துச்சு. இது மாத்திரையாலதான்னு எனக்கே தோணுச்சு."

"அப்பால ஏன்யா நாலாவதைப் போட்ட?"

"வுட்டுட்டேன்னு தெரிஞ்சா நீ திட்டுவியே."

அவ்ளோதான் சொன்னாரு. நான் நின்ன எடத்துலயே நின்னேன். முப்பது வருஷக் குடித்தனம். சாவு பக்கத்துல நிக்குதுன்னு தெரிஞ்சும் அந்த மனுசன் என் வாய்க்கு பயந்து ஒரு மாத்திரையை முழுங்கியிருக்காரு. தப்பு அட்டைல இல்ல போல. கண்ணுல தண்ணி கொட்டுது. ஊசி குத்தாத கையாப் பாத்துப் புடிச்சுகினேன்.

"இனிமே ஒடம்புக்கு எது பண்ணாலும் உடனே எங்கிட்ட சொல்லுய்யா"ன்னேன்.

அவர் என் மூஞ்சையே கொஞ்ச நேரம் பாத்தாரு.

"திட்ட மாட்டியே?"