ஒன்பதில் நின்ற வளையம்

என் துப்பாக்கிக் கடைக்கு ஸ்கோப், அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கி, வாங்க வருகிற ஆம்பளைகளுக்கெல்லாம் பதினெட்டு வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். எங்கள் மிச்சிகன் காட்டில் ஐம்பது கஜத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மரமும் புதருமாக அப்படி அடைத்துக் கிடக்கும். அதற்கு நாலு பவரில், நாலு மடங்கு மட்டும் பெரிதாக்கி, நிலையாக நிற்கிற ஸ்கோப் போதும். திருக வளையம் கிடையாது, கெட்டுப்போக எதுவும் கிடையாது. கண்ணை வைத்தால் மானும் தெரியும், மானைச் சுற்றி இருப்பதும் தெரியும். மூன்றிலிருந்து ஒன்பது வரை திருகுகிற ஸ்கோப்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறவனிடம், "நிலாவுலயா போய் மான் சுடப்போறே?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே திருகுகிறதையே வாங்கிக்கொண்டு போவான். எக்கேடோ கெட்டுப் போ என்று நானும் பில் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் ஆர்விட் முப்பது வருஷமாக நாலு பவர் ஸ்கோப்தான் வைத்திருந்தார். அவர் செப்டம்பரில் ஒருநாள் கடைக்கு வந்து, "வெர்னா, அந்தத் திருகுறதை எடு, பாப்போம்" என்றார்.

"எதுக்கு? இருக்கிறதுக்கு என்ன கேடு?"

"கண்ணாடி மங்கிப்போச்சு."

மங்கினது எது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவர் ஒரு மான்கூட அடிக்கவில்லை. காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு, கோப்பையை நான் நகர்த்திவிட்டதாக என்மேல் பாய்வார். கண் டாக்டரிடம் போகலாம் என்று வாயைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

எதிர்வரிசைச் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு பலகை உண்டு. ஸ்கோப் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக அதைத்தான் படித்துப் பார்ப்பார்கள். முதலில் நாலு பவர் ஸ்கோப் ஒன்றைக் கொடுத்தேன். அவர் கண்ணை வைத்த மறுநொடியே, "வெள்ளிக்கிழமை மீன் வறுவல்" என்று ஒப்பித்தார். மீன் வறுவலை அன்று காலையில்தான் அழித்துவிட்டு வேறு எழுதியிருந்தார்கள். கடை திறக்கும்போது என் கண்ணாலேயே பார்த்திருந்தேன்.

திருகுகிறதைக் கொடுத்தேன். வளையத்தை ஒன்பதுக்குத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உதடுகள் அசைந்தன. "பட்டாணி... சூப்பு. அட, எப்ப மாத்தினான்?" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது!

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குக் கண் போய்விட்டது, துப்பாக்கியைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. அந்த ஸ்கோப்பை என் கையாலேயே அவர் துப்பாக்கியில் பூட்டிக் கொடுத்தேன்.

காட்டுக்குள் எங்கள் லாஹ்தி குடும்பம் வேட்டைக்குத் தங்குகிற கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் திருகுகிற ஸ்கோப் கொண்டுவந்தாலும் வளையத்தை நாலில் வைத்து, அசையாதபடி கறுப்பு டேப் சுற்றிவிட வேண்டும். என் மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். மான் வேட்டை சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, என் கொழுந்தனார் தௌனோ டேப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே அவர் மனைவி ஐலி.

"அண்ணே, ஒன்பதுல வெச்சா கொசுகூட மானாத் தெரியும். அதைச் சுட்டுத் தோள்ல போட்டுட்டு வருவே" என்று சொல்லிக்கொண்டே தௌனோ டேப்பைச் சுற்றினார்.

"பல்லைக் காட்டாதடா. இன்னொரு தடவை சிரிச்சே, மானை விட்டுட்டு உன்னைத்தான் சுடுவேன்."

"சுடு, சுடு. உனக்கு நானாவது மாட்டுறேனான்னு பாப்போம். ரெண்டு வருஷமா வெறுங்கையோட வர்றியே!"

எல்லோரும் சிரித்தோம். ஐலிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஆர்விட் மட்டும் டேப்பை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தார்.

நவம்பர் பதினைந்து, முதல் நாள். அன்றைக்கு எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. ஆம்பளைகள் இருட்டோடு காட்டுக்குள் போய்விடுவார்கள். நாங்கள் பெண்கள், மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பாஸ்டியைச் சுட்டு எடுத்துக்கொண்டு மத்தியானம் கேம்ப்புக்குப் போவோம். நானும் ஐலியும் என் வண்டியில் போய் இறங்கினோம். பாஸ்டிக் கூடையை உள்ளே மேசையில் வைத்துவிட்டு வெளியே வரும்போது ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ரொம்பக் கிட்டத்தில்.

"உங்க ஆளு அடிச்சுட்டாரு, அக்கா!" என்று ஐலி கை தட்டினாள்.

அதற்கப்புறம் ஆர்விட் கத்தினார். மான் அடித்தவன் அப்படிக் கத்த மாட்டான். ஓடினோம்.

தௌனோ மானை இழுத்துக்கொண்டு வருகிற ஆள் இல்லை. தோளில் போட்டுக்கொண்டுதான் வருவார். மான் நடக்கிறதென்று யாராவது சுட்டுவிடுவார்கள், அது ஆபத்து என்று ஐலி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். "அது மேல என் ஆரஞ்சுக் கோட்டைத்தான் கட்டுறேனே" என்பார். காலையில் அடித்த ஆண் மானைத் தோளில் போட்டு, மனிதன் என்று மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரிவதற்காகப் போட்டிருந்த ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றி அதன் பின்னங்கால்களில் கட்டியிருந்தார். தலையில் இருந்த ஆரஞ்சுத் தொப்பி மானின் வயிற்றுக்கடியில் மறைந்து போயிருந்தது. குண்டு மானின் கழுத்தைத் துளைத்துக்கொண்டு அவர் கழுத்துக்குள் போயிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

ஐலி அவர்மேல் விழுந்து கிடந்தாள். ஆர்விட் பனியில் உட்கார்ந்து, "கொம்பு தெரிஞ்சுது, கொம்பு தெரிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குண்டைக் கழற்றி வைப்போம் என்று துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். வளையம் ஒன்பதில் நின்றது. உரித்த டேப் அவர் கோட்டுக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாலில் வைத்தால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால் உரித்துவிட்டு ஒன்பதுக்குத் திருப்பியிருக்கிறார். நாற்பது கஜத்தில், ஒன்பது பவரில், அந்த வட்டத்துக்குள் கொம்பும் கழுத்தும் மட்டும்தான் அடங்கும். பின்னங்காலில் கட்டிய கோட்டு வட்டத்துக்கு வெளியே போய்விடும். வெறுங்கண்ணுக்கு அந்த ஆரஞ்சு எரிகிற மாதிரி தெரியும். அவருக்குத்தான் அந்தக் கண் இல்லையே.

டேப்பை உரித்தான், விதியை மீறினான், தம்பியைக் கொன்றான் என்று ஊர் பேசும். ஜெயிலில்கூடப் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவுதான் ஓடியது. ஐலி பார்க்கவில்லை. வளையத்தை நாலுக்குத் திருப்பினேன். அவர் கையிலிருந்த டேப்பைப் பிய்த்து மறுபடியும் அதன்மேல் சுற்றினேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். முதல் நாளில் காட்டிலாகா அதிகாரி மோரின் அங்கேதான் நிற்பான்.

மோரின் என் கடைக்கு வருகிற பையன்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்லவன். எல்லாவற்றையும் அளந்தான். ஆர்விட் நின்ற இடத்திலிருந்து மான் விழுந்த இடம் நாற்பது கஜம். மானை எடுத்து ஒரு கட்டை மேல் சாத்தி வைத்து, கோட்டு கட்டிய கால்களைத் தூக்கிவிட்டு, அந்தத் துப்பாக்கியாலேயே குறி பார்த்தான். அப்புறம் எங்களைக் கேம்ப்புக்குள் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தான். மேசையில் பாஸ்டி ஆறிக் கிடந்தது.

"ஆர்விட் அண்ணே, ஸ்கோப்பு நாலுல இருக்கு. டேப்பும் சுத்தியிருக்கு. நாலுல வெச்சுப் பாத்தா மான் முழுசாத் தெரியுது, கோட்டு தெரியுது, அதுக்குக் கீழ தௌனோ அண்ணன் கால் எங்க இருந்திருக்கும்கிறதுகூடத் தெரியுது. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

ஆர்விட் மேசை விளிம்பை நகத்தால் நெருடினார்.

"கண்ணு எப்படி இருக்கு உங்களுக்கு?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றார் ஆர்விட்.

மோரின் பேனாவைக் கீழே வைத்தான். "அப்படின்னா எல்லாம் தெரிஞ்சுதான் சுட்டீங்கன்னு ஆகுதுண்ணே. நான் வேற எப்படி எழுதுறது?"

அதுவரை சிலையாக உட்கார்ந்திருந்த ஐலி நிமிர்ந்தாள். அவள் கையெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. "அக்கா, அன்னிக்குச் சொன்னாரே... 'உன்னைத்தான் சுடுவேன்'னு. நாம சிரிச்சோமே, அக்கா" என்றாள்.

ஐயோ, நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்! அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்த கொலையாக என் கையாலேயே மாற்றியிருக்கிறேன். அவர் மறுத்துப் பேசவும் மாட்டார். டேப்பை நான்தான் ஒட்டியிருப்பேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் குருடன் என்று ஒப்புக்கொள்வதைவிடக் கொலைகாரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்பேர்ப்பட்ட ஜென்மம்.

"வளையம் ஒன்பதுல இருந்துச்சு மோரின்" என்றேன். "நான்தான் நாலுக்குத் திருப்பினேன். டேப்பையும் நான்தான் ஒட்டினேன். அவருக்குக் கண்ணு தெரியல. நேராப் பாத்தா நடுவுல ஒண்ணுமே தெரியாது. எதிர்க்கடைப் பலகையை நாலுல படிக்க முடியாம, மனப்பாடமாச் சொன்னாரு. ஒன்பதுல வெச்சாத்தான் படிக்க முடிஞ்சுது. செப்டம்பர்லயே எனக்குத் தெரியும்."

ஆர்விட் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். இப்போதெல்லாம் அவர் நேராகப் பார்ப்பதில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார். "தெரிஞ்சுமா குடுத்தே?"

"ஆமா."

"ஏண்டி?"

அன்றைக்குக் கடையில் நீங்கள் சிரித்தீர்கள் என்று எப்படிச் சொல்வது? ஐலியை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐலி எழுந்தாள். மேசைமேல் இருந்த கூடையிலிருந்து தௌனோவுக்கென்று அவள் சுட்ட பாஸ்டியை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டாள். "நான் உங்க வண்டியில வரேன்" என்று மோரினிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.